முப்பது சதவீத நீர்

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்
இந்தத் தொட்டிக்குப் போகிறது என்று
ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.
ஸ்திஸ்லாவா பதில் சொல்லவில்லை.
மறுநாள் ட்ராம் ஓட்டிவிட்டு வரும் வழியில்
கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து
நூலில் கட்டிய பென்சிலோடு
தொட்டி ஓரம் தொங்கவிட்டாள்.

செவ்வாய். கண்ணாடியில் பாசி சுரண்டல். பதினோரு நிமிடம்.
வியாழன். ஊசிக்குழாயில் உரம், இரண்டு மில்லி. அரை நிமிடம்.
ஞாயிறு. முப்பது சதவீத நீர். ஐம்பத்திரண்டு நிமிடம்,
அதில் ஒன்பது
ஓல்த்ரிக் வாளியைத் தட்டிவிட்டதைத் துடைக்க.

என் பெயர் வந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
ப்ர்னோவில் இந்தப் பக்கத்துக் கான்கிரீட் அடுக்குகளில்
எந்த வடம் எந்த மாடியில் முனகும் என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
ஏழாவது மாடியில், என் வீட்டில்,
தொண்ணூறு லிட்டர் தண்ணீர்
இரவெல்லாம் எதைச் சொல்லி முணுமுணுக்கிறது
என்றுதான் தெரியாது.

பிப்ரவரியில் அவளுக்குப் பித்தப்பையில் கல்.
ஆஸ்பத்திரிக்குப் பை கட்டி முடித்தும்
இரண்டு பிரஷ்களில் எது பல்லுக்கு, எது பாசிக்கு
என்று காட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.
தண்ணீரைச் சில்லென்று ஊற்றிவிடாதே,
மணிக்கட்டில் விட்டுப் பார்,
குழந்தைப் பாலுக்குப் பார்ப்பதுபோல் என்றாள்.
எங்களுக்குக் குழந்தை இல்லை.
ஆனாலும் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது.

முதல் நாள்: தீனி. ஒரு நிமிடம்.
இரண்டாம் நாள்: வளைந்த கத்தரியால்
வேண்டாததை நறுக்கப்போய்
வேண்டியதையும் நறுக்கினேன். நாலு நிமிடம்.
மிதந்த இலைகளை வலையில் பிடிக்க, நாற்பது.
வேரோடு வந்துவிட்ட செடியை
நீள இடுக்கியால் மணலில் ஊன்ற,
இடுக்கியை எடுத்ததும் அது கூடவே எழும்ப,
மறுபடி ஊன்ற, மறுபடி எழும்ப...
இதை எழுதவில்லை.

ஐந்தாம் நாள் காலை
மணல்மேல் ஓர் இறால் மல்லாந்து கிடந்தது,
வெளிறி, கண்ணாடிபோல்.
போனில் அவளிடம் எப்படிச் சொல்வதென்று
சமையலறையில் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
பிறகு நோட்டைப் புரட்டினேன்:
இறால் மொத்தம் பதினான்கு.
எண்ணினேன். பதினொன்று.
மறுபடி, பதினாறு.
நிற்காதவற்றை எண்ணுவது சம்பளமில்லாத வேலை.
கடைசியில் சரியாகப் பதினான்கு வந்தது,
செத்ததைச் சேர்க்காமல்.

முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தேன்.
உள்ளே யாரும் இல்லை.
மீசை இருந்தது, பத்துக் கால் இருந்தது,
கண் இருந்த இடத்தில் கண்ணின் உறை.
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது!
போனது யாரென்று தேடினேன்.
கட்டையின் நிழலில், பெரணிக்கு அடியில்,
இன்னும் இறுகாத உடம்போடு
நடுங்காமல் நின்றது.
மற்றவை வந்து சட்டையைத் தின்னத் தொடங்கின.
வெளியே பனி பெய்து நின்று மறுபடி பெய்தது.
கம்பெனியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

மூன்று மணி பத்து நிமிடம் என்று எழுதினேன்.
என்ன வேலை என்ற கட்டத்தில்
எழுத ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவள் பக்கங்களிலும் பார்த்தேன்.
இரவு ஒன்று இருபது முதல் இரண்டு ஐந்து வரை. காலி.
இரவு பன்னிரண்டே முக்கால் முதல். முடிவும் காலி.
கடைசி ட்ராமை நிறுத்திவிட்டு வந்த இரவுகள்.
அதில் ஒரு தேதி எனக்கு ஞாபகம் இருக்கிறது.
அன்று நான் பேசியதும்.

வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
வயிற்றைப் பிடித்தபடி தொட்டிமுன் நின்று
முன்பக்கம் இப்படி மொட்டையடித்திருக்கிறாயே என்றாள்.
நோட்டைப் படித்தாள்.
என்னைச் சிரிக்க வைக்காதே, தையல் வலிக்கிறது என்றாள்.
நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

ஞாயிறு அவள் நாற்காலியில்.
குழாயை நான் வாயில் வைத்து உறிஞ்சினேன்,
ஒரு மிடறு உள்ளே போய்விட்டது.
மழை நனைத்த மண்ணின் ருசி, கொஞ்சம் இரும்பு.
வாளி நிறையும்வரை பேசிக்கொள்ளவில்லை.
எத்தனை நிமிடம் என்று குறிக்கலாமென்று திரும்பினால்
பென்சில் தொட்டிக்குள் விழுந்து கிடக்கிறது.
நூலைப் பிடித்து
ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது.
இறங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.